எடை போட்ட ஈரம்

அந்தப் பிரிவில் அவளைத் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருந்தது. பட்டம் கொடுத்தவர் முன்பு இருந்த பெரிய டாக்டர். குறைமாதப் பிள்ளைகளின் டயப்பரை அவள் ஒன்றுக்கு இரண்டு முறை எடை போடுவதைப் பார்த்துவிட்டு, இந்த அம்மா வீட்டில் உப்பையும் தராசில் வைத்துத்தான் போடுவார் போலிருக்கிறது என்றார். அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். பெயர் இவளிடம் ஒட்டிக்கொண்டது.

உண்மையில் வீட்டில் அவள் சமையல் கை போன போக்கில்தான். உப்பு கூடினால் அவள் கணவர் கூடுதலாக ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பார். குறைந்தால் இரண்டாம் முறை கேட்கமாட்டார். மோட்டார் பம்பு பழுது பார்ப்பது அவர் தொழில். உன் வேலையும் என் வேலையும் ஒன்றுதான், தண்ணீர் வருகிறதா வரவில்லையா, அவ்வளவுதானே என்று கேலி செய்வார்.

"உங்க மோட்டார் நின்னா வேற வாங்கிக்குவாங்க. என்னோடது கடையில கிடைக்காது" என்பாள் அவள். அத்தோடு அவர் திருப்புளியைத் தேடப் போய்விடுவார்.

இந்தப் பிரிவுக்கு வருமுன் முதியோர் இல்லம் ஒன்றில் பல வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள். வாய் பேச முடியாதவருக்கு உள்ளே என்ன கோளாறு என்பது கட்டிலுக்கடியில் இருக்கும் பாத்திரத்தில் தெரியும் என்பதை அங்கேதான் கற்றாள். பிறகு கட்டில் போய்க் கண்ணாடிப் பெட்டி வந்தது. எண்பது வயதுக்காரர்கள் போய், பிறந்து ஒரு வாரம் ஆகாதவர்கள் வந்தார்கள். பேச முடியாதது மட்டும் அப்படியே இருந்தது.

அந்தப் பெட்டிகளில் படுத்திருந்தவர்கள் தாய் வயிற்றில் இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருந்திருக்க வேண்டியவர்கள். முழங்கை முதல் விரல் நுனி வரை நீளம் இருந்தாலே அங்கே பெரிய ஆள். தோல் வெங்காயச் சருகு மாதிரி இருக்கும். உள்ளே ஓடும் ரத்தக்குழாய் வெளியிலேயே தெரியும். அந்தத் தோல் வழியாக உடம்பின் தண்ணீரெல்லாம் ஆவியாகிப் போய்விடும் என்பதால் பெட்டிக்குள் காற்றை, யாரோ வெந்நீரில் குளித்து முடித்த குளியலறை போல வைத்திருப்பார்கள். கண்ணாடியின் உட்புறம் வேர்த்து வழியும்.

அங்கே சிறுநீரை அளக்க ஒரே வழி டயப்பர்தான். உள்ளங்கையில் அடங்கும் டயப்பர். கட்டுமுன் எடை போட்டு, எத்தனை கிராம் என்று அதன் ஓரத்திலேயே பேனாவால் எழுதிவிடுவார்கள். அவிழ்த்ததும் மறுபடி எடை. ஒரு கிராம் கூடியிருந்தால் ஒரு மில்லி சிறுநீர். மலம் கலந்துவிட்டால் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். பாலே ஆரம்பிக்காத முதல் நாட்களில் அந்தத் தொல்லையும் இல்லை. ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான தண்ணீர்தான். ஆனால் அதை வைத்துத்தான் டிரிப் எவ்வளவு ஓட வேண்டும், எந்த மருந்து போடலாம், எது கூடாது என்று முடிவாகும்.

டயப்பரைச் சூடு பண்ணும் பழக்கத்தைக் கொண்டுவந்தவளும் தராசுதான். ஒரு முறை ஏசி அறையில் சில்லென்று கிடந்த டயப்பரை அப்படியே எடுத்துப் பிள்ளையின் இடுப்புக்கடியில் வைத்ததும், பிள்ளை உடம்பெல்லாம் விதிர்த்து, மானிட்டரில் இதயத் துடிப்பு மளமளவென்று சரிந்தது. முதுகைத் தடவித் தடவித்தான் அதை மேலே கொண்டுவந்தாள். அன்றிலிருந்து எடை எழுதிய டயப்பர்களை இரண்டு மூன்றாகப் பெட்டிக்குள் கால்மாட்டில் வைத்துவிடுவாள். மாற்றும்போது இதமான சூட்டோடு கைக்கு வரும். மற்ற சிஸ்டர்களும் பார்த்துச் செய்தார்கள். டாக்டர்கள் நல்ல பழக்கம் என்றார்கள். அதில் குறை சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

பொட்டு வந்தது அப்போதுதான். அந்தப் பெயரை வைத்தவள் பிள்ளையின் பெரியம்மா. பள்ளிக்கூட வேன் ஓட்டுபவள். குரலும் கிட்டத்தட்ட ஹாரன்தான். பிள்ளையின் அம்மா சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவள். மெஷினில் உட்கார்ந்திருக்கும்போதே பனிக்குடம் உடைந்து, அக்காவின் வேனில் வந்து இறங்கினாள். முதல் முறை பெட்டியை எட்டிப் பார்த்த பெரியம்மா, நெற்றியில் வைக்கிற பொட்டு அளவுக்குத்தானே இருக்கிறாள் என்றாள். அம்மா கண்ணாடியில் கையை வைத்தபடி நின்றாள்.

பிள்ளை தாய் வயிற்றில் இருக்கும்போது திறந்திருந்து, பிறந்த பின் தானாக மூடிக்கொள்ள வேண்டிய குழாய் ஒன்று இதயத்தின் பக்கத்தில் உண்டு. பொட்டுவுக்கு அது மூடவில்லை. நுரையீரலில் ரத்தம் தேவைக்கு மேல் பாய்ந்தது. வெண்டிலேட்டரைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தது. குழாயை மூட வைக்க மருந்து இருக்கிறது. தினம் ஒன்றாக மூன்று தவணை. ஆனால் அந்த மருந்துக்கு ஒரு பொல்லாத குணம். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையும் அது குறைத்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு தவணைக்கும் முன்னால், யூரின் போகுதா என்பது டாக்டரின் முதல் கேள்வியாக இருக்கும். இரண்டு தவணை முடிந்திருந்தது. மூன்றாவது அன்று மத்தியானம்.

காலையில் பொட்டுவின் எடை கூடியிருந்தது. பெட்டிக்கடியிலேயே இருக்கும் எடைக் கருவியில் எண்ணைப் பார்த்த பெரியம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா சிஸ்டர், எங்க பொட்டு தேறிட்டா. எங்க வம்சமே அப்படித்தான், காத்தைக் குடிச்சே சதை போடுவோம்" என்று தன் இடுப்பைத் தட்டிக் காட்டினாள். அம்மாவும் முதல் முறையாகச் சிரித்தாள்.

தராசு சிரிக்கவில்லை. பிறந்த முதல் வாரத்தில் பிள்ளைகள் மெலிய வேண்டும். உடம்பில் கூடுதலாக இருக்கும் தண்ணீர் வெளியேற வேண்டும். மெலியாத பிள்ளையைக் கண்டால் அவளுக்குப் பிடிக்காது. பொட்டுவின் இமைகள் முந்தின நாளைவிடக் கொழுகொழுவென்று இருந்தன. அவள் டயப்பர் கணக்கைப் புரட்டினாள். கொஞ்சம் குறைவுதான், ஆனால் சிறுநீர் போய்க்கொண்டிருந்தது. தன் கையால் எடை போட்ட கணக்கு. அதனால் மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்தாள்.

டாக்டருக்குச் சமாதானம் ஆகவில்லை. வயதில் சின்னவள், தலைமுடியில் பேனாவைச் சொருகி வைத்துக்கொண்டு பேனாவைத் தேடுகிற ரகம். ஆனால் பிள்ளையின் விஷயத்தில் எதையும் மறக்கமாட்டாள். ரத்தத்தில் உப்பின் அளவு இறங்கியிருந்தது. பெட்டிக்கு முன்னால் நின்று வயிற்றைப் பார்த்தாள், இமையைப் பார்த்தாள், கணக்கைப் பார்த்தாள்.

"எடை ஏறியிருக்கு. உப்பு இறங்கியிருக்கு. ரெண்டும் உடம்புல தண்ணி தேங்குதுன்னு சொல்லுது. யூரின் மட்டும் போகுதுன்னு எழுதியிருக்கு. இது மூணும் ஒண்ணா உண்மையா இருக்க முடியாதே, சிஸ்டர்."

கிரியாட்டினின் நேற்று ஏறவில்லையே என்று தராசு நினைவுபடுத்தினாள். சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவு அது. ரத்தத்தில் ஏறினால் சிறுநீரகம் தடுமாறுகிறது என்று பொருள். டாக்டர் தலையாட்டி மறுத்தாள். இவ்வளவு சின்னப் பிள்ளையின் ரத்தத்தில் முதல் நாட்களில் இருப்பது பாதிக்கு மேல் அம்மாவின் ரத்தத்திலிருந்து வந்த கழிவு. அந்த எண்ணைப் பார்த்துப் பிள்ளையின் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று சொன்னால், அது அம்மாவின் சிறுநீரகத்துக்கு நற்சான்று கொடுத்த மாதிரி. அது ஏறி நமக்குத் தெரிவதற்குள் காலம் கடந்துவிடும் என்றாள். ஆகச் சீக்கிரம் சொல்லக்கூடியது டயப்பர் ஒன்றுதான். அது நல்ல செய்தி சொல்கிறது. அதை நம்பினால் மத்தியானம் மூன்றாவது தவணை போடலாம், குழாய் மூடிக்கொள்ளும். நம்பாவிட்டால் குழாய் திறந்தே கிடக்கும், நுரையீரல் இன்னும் நனையும்.

"எடை போட்டது யாரு?" என்று டாக்டர் கேட்டாள்.

"நான்தான்."

கேள்வியில் குத்தல் எதுவும் இல்லை. ஆனாலும் தராசுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடத்தில் அவள் எடையை யாரும் கேள்வி கேட்டதில்லை. அலமாரியிலிருந்து டயப்பர் எடைக் கருவியைச் சரிபார்க்கும் பித்தளைக் குண்டை எடுத்து வந்து, டாக்டரின் கண்ணெதிரே கருவியின் மேல் வைத்தாள். இம்மி பிசகாமல் காட்டியது. கருவியில் கோளாறு இல்லை என்று சொன்ன குரலில் கொஞ்சம் வெற்றி இருந்தது. அந்த வெற்றியை நினைத்துப் பிற்பாடு அவளுக்கே கூசியது.

டாக்டர் வாதாடவில்லை. ஸ்கேன் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, கட்டைவிரல் அளவு கருவியைப் பொட்டுவின் அடிவயிற்றில் வைத்தாள். சிறுநீர்ப்பை காற்றுப் போன பலூன் மாதிரி சப்பையாகக் கிடந்தது. இப்போதுதான் போயிருப்பாள் என்றாள் தராசு. அப்படியானால் டயப்பரில் இருக்க வேண்டும் என்றாள் டாக்டர்.

தராசு பெட்டியின் இரண்டு வட்டக் கதவுகளிலும் கையை நுழைத்து டயப்பரை அவிழ்த்தாள். எடை போட்டாள். ஓரத்தில் எழுதியதைவிட இரண்டு கிராம் கூடுதல். சொன்னேனே என்கிற மாதிரி டாக்டரைப் பார்த்தாள். பிறகு, எதற்கென்று தெரியாமலே, ஒரு வெள்ளைத் துணித்துண்டை எடுத்து டயப்பரின் நடுவில் வைத்து அழுத்தினாள். எடுத்துப் பார்த்தாள். துணி காய்ந்திருந்தது. மறுபடி வேறிடத்தில் அழுத்தினாள். காய்ந்திருந்தது. இரண்டு மில்லி சிறுநீர் இருந்தால் ஒரு புள்ளியாவது நனைய வேண்டாமா? டயப்பர் முழுவதும் ஒரே சீராகத் தொளதொளவென்று இருந்தது, மழைக்காலத்தில் பையில் வைத்த பிஸ்கட் மாதிரி.

அவள் கை தானாகக் கால்மாட்டுக்குப் போனது. சூடு ஏறட்டும் என்று காலையிலிருந்து வைத்திருந்த டயப்பர் அங்கே இருந்தது. யாரும் கட்டாதது. எடுத்து எடைக் கருவியில் போட்டாள். ஓரத்தில் அவள் கையெழுத்தில் ஒரு எண் இருந்தது. கருவி வேறொரு எண்ணைக் காட்டியது. இரண்டு கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடியிருந்தது.

யாருமே கட்டாத டயப்பர் யூரின் போயிருந்தது.

அவள் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். பெட்டிக்குள் வேர்த்து வழிந்த கண்ணாடி, பிள்ளையின் தோலுக்காக ஏற்றிவைத்த ஈரக் காற்று, தண்ணீரைக் குடிப்பதற்கென்றே செய்த பஞ்சு. அதைத் தன் கையாலேயே கொண்டுபோய் அதற்குள் வைத்திருக்கிறாள். மற்ற பிள்ளைகள் தாராளமாகப் போனதில் இந்த ஒன்றரை, இரண்டு கிராம் மறைந்துபோயிருந்தது. பொட்டுவிடம் அது மட்டும்தான் இருந்தது.

"டாக்டர், இது அவளோட யூரின் இல்ல. பெட்டியோட காத்து. சூடு பண்றேன்னு வச்சேன்ல, அதுல ஏறியிருக்கு."

டாக்டருக்குப் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் கணக்குத் தாளை இழுத்து, ஒவ்வொரு எண்ணிலிருந்தும் அந்த ஈரத்தைக் கழித்துக்கொண்டே வந்தாள். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து, அதாவது இரண்டாவது தவணைக்குக் கொஞ்சம் முன்பிருந்தே, பொட்டு கிட்டத்தட்ட ஒன்றும் போகவில்லை. இரண்டாவது தவணையை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

"அதுக்கு உத்தரவு போட்டது நான்" என்றாள் டாக்டர். "அந்த மூலையில டயப்பர் இருக்கறத நானும்தான் தினம் பாத்தேன். எனக்கும் தோணலை. இப்ப அதப் பேசி நேரத்தை விட வேண்டாம்."

அதற்குப் பிறகு இருவரும் மளமளவென்று வேலை பார்த்தார்கள். மூன்றாவது தவணை நின்றது. சிறுநீரகத்துக்கு ஆகாத இன்னொரு மருந்தின் அடுத்த ஊசியும் தள்ளிப்போனது. டிரிப் குறைந்தது. குதிகாலில் குத்தி இரண்டு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். அதற்கு மேல் எடுக்க அந்த உடம்பில் ரத்தம் ஏது? இப்போது பயம் பொட்டாசியத்தைப் பற்றியது. சிறுநீரில் போக வேண்டிய அந்த உப்பு ரத்தத்திலேயே தங்கி ஏறினால், இதயம் தாளம் தப்பும், பிறகு நின்றுவிடும். பெரியவர்களுக்கானால் ரத்தத்தைச் சுத்தம் செய்ய இயந்திரம் உண்டு. பொட்டு அளவு பிள்ளைக்கு அந்த மருத்துவமனையில் எதுவும் கிடையாது. சிறுநீரகம் தானாக விழித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இல்லை.

அறையில் மீதிப் பெட்டிகளின் கால்மாட்டில் இருந்த டயப்பர்களையும் தராசு வாரி எடுத்துக் குப்பையில் போட்டாள். எல்லாம் அவள் சொல்லிக்கொடுத்த இடத்தில், அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே அடுக்கியிருந்தது. மற்ற பிள்ளைகளின் கணக்கையும் டாக்டரும் அவளும் திருத்திப் பார்த்தார்கள். நல்லவேளையாக அவர்களெல்லாம் தாராளமாகவே போயிருந்தார்கள். இனி வெளியே உலர்ந்த சூட்டில் வைத்து, கட்டுகிற அந்த நொடியில் எடை போட வேண்டும், உள்ளே சின்னப் பஞ்சு ஒன்று வைக்க வேண்டும், பஞ்சு நனைந்தால்தான் சிறுநீர் என்று முடிவானது.

அம்மாவிடம் சொல்ல வேண்டியது மிச்சம் இருந்தது. நான் சொல்கிறேன் என்றாள் டாக்டர். கிட்னி விஷயத்தை நீங்கள் சொல்லுங்கள், டயப்பர் விஷயத்தை நான்தான் சொல்ல வேண்டும் என்றாள் தராசு.

வாசலில் இருந்த பெஞ்சில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் சொல்லி முடித்ததும் தராசு தன் பங்கைச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. பிள்ளைக்குக் குளிரக் கூடாது என்று செய்தது, அதனால் கணக்கு தப்பியது, தப்பிய கணக்கை நம்பி ஒரு ஊசி கூடுதலாகப் போனது.

பெரியம்மா எழுந்து நின்றுவிட்டாள். "அப்ப காலையில ஏறின எடை?" என்று கேட்டாள். தண்ணீர் என்றாள் டாக்டர். பெரியம்மாவின் ஹாரன் குரல் எங்கேயோ போய்விட்டது. சதை போட்டிருக்கிறாள் என்று தெருவெல்லாம் போன் பண்ணிச் சொல்லிவிட்டேனே என்று முணுமுணுத்தாள்.

அம்மா தராசை மட்டும் பார்த்தாள். "உங்களத்தான் நம்பி இருந்தேன். எல்லாரும் அவங்க கணக்கு தப்பாதுன்னாங்க."

"தப்பிடுச்சும்மா."

"என் பிள்ளையை வேற சிஸ்டர் பாக்கட்டும். நீங்க தொட வேண்டாம்."

சரி என்றாள் தராசு. அழுவதும் காலில் விழுவதும் அவளுக்கு வராது. வந்தாலும் அதனால் பிள்ளைக்கு ஒரு சொட்டும் போகப்போவதில்லை. பொட்டுவின் பெட்டியை நெட்டை என்று எல்லாரும் கூப்பிடும் உயரமான சிஸ்டரிடம் ஒப்படைத்தாள். இமை வீக்கத்தைப் பார்த்துக்கொள், டிரிப் வேகத்தை ரெண்டு முறை பார், மானிட்டரில் இதய அலை கூர்மையாக நிமிர்ந்தால் யாரையும் தேடாமல் டாக்டரைக் கூப்பிடு என்று சொல்லிவிட்டு, எதிர் வரிசைப் பெட்டிக்குப் போனாள். அன்று முழுவதும் முதுகைப் பொட்டுவுக்குக் காட்டிக்கொண்டே வேலை பார்த்தாள். காது மட்டும் அந்தப் பக்கம் இருந்தது. மானிட்டர் ஒவ்வொரு முறை கூவும்போதும் கையில் இருந்த வேலை அரை நொடி நின்றது.

சாயங்காலம் ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்தது. பொட்டாசியம் ஏறியிருந்தது, ஆனால் எல்லையைத் தாண்டவில்லை. நெட்டை அவிழ்த்த டயப்பரில் பஞ்சு காய்ந்திருந்தது. அதற்கடுத்ததிலும் காய்ந்திருந்தது. தராசின் முறை முடிந்தது. வீட்டுக்குப் போய்ச் சமைத்த குழம்பில் உப்பே போடவில்லை என்பதைக் கணவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். அவர் அன்றைக்கு மோட்டார் கேலி எதுவும் செய்யவில்லை. முகத்தைப் பார்த்தே ஏதோ தெரிந்துகொண்டு, தட்டைத் தானே கழுவி வைத்தார்.

மறுநாள் காலையில் வந்ததும் அவள் பொட்டுவின் பெட்டியைப் பார்க்கவில்லை. நெட்டையின் முகத்தைப் பார்த்தாள். நெட்டை உதட்டைப் பிதுக்கினாள். பஞ்சு ஒரு முறை ஓரத்தில் நனைந்திருந்ததாம். அது பெட்டியின் ஈரமா சிறுநீரா என்று அவளுக்கே நிச்சயமில்லை. பொட்டாசியம் இன்னும் ஒரு படி ஏறியிருந்தது. டாக்டர் அதைக் குறைக்க மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு, குழாயைப் பார்க்கும் ஸ்கேனை மறுபடி எடுத்தாள். குழாய் கால்வாசி சுருங்கியிருந்தது. அது ஒன்றுதான் அன்றைக்குக் கிடைத்த ஆறுதல்.

அம்மா வந்தாள். முழங்கை வரை கைகழுவி, மருந்து தடவி, வட்டக் கதவு வழியாகக் கையை உள்ளே விட்டாள். ஒரு கையால் தலையையும் ஒரு கையால் பாதங்களையும் அசையாமல் பிடித்திருப்பது அந்தப் பிரிவில் அம்மாக்கள் செய்யும் வேலை. பிள்ளைகள் அதில் அமைதியாகும். நெட்டை டயப்பரை அவிழ்த்தாள். பஞ்சைப் பார்த்தாள். காய்ந்திருந்தது. அடியில் விரித்த துணியும் மாற்ற வேண்டியிருந்ததால், இரண்டு காலையும் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டுத் துணி எடுக்கப் போனாள்.

எதிர் வரிசையில் தராசு இன்னொரு பிள்ளையின் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"சிஸ்டர்."

சின்னக் குரல். நெட்டையைக் கூப்பிடுகிறாள் என்று தராசு திரும்பவில்லை.

"சிஸ்டர், நெட்டைச் சிஸ்டர் இல்ல. நீங்க. இங்க வாங்க."

அவள் வந்தாள். பெட்டிக்கு வெளியே, ஓர் எட்டுத் தள்ளியே நின்றாள். உள்ளே அம்மாவின் உள்ளங்கையில், பொட்டுவின் கால்களுக்குக் கீழே, வெளிறிய மஞ்சளில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. இன்னும் வந்துகொண்டிருந்தது. நூல் மாதிரி, விட்டு விட்டு. அம்மா கையை அசைக்கப் பயந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இது காத்து இல்லையே?" என்றாள்.

"இல்லம்மா. இது அவளோடதுதான்."

தராசு நின்ற இடத்திலேயே நின்றாள். "நான் தொடலாமா?"

"கொட்டிடப் போகுது, சீக்கிரம் வாங்க."

அவள் கையைக் கழுவி, அந்த நொடியில் எடை போட்ட பஞ்சை எடுத்துக்கொண்டு இன்னொரு கதவு வழியாகக் கையை விட்டாள். அம்மாவின் உள்ளங்கையிலிருந்து ஒற்றி எடுத்தாள். விரல் இடுக்கில் இருந்ததையும் விடவில்லை. துணியில் சிந்திய வட்டத்தை வேறு பஞ்சால் ஒற்றினாள். எல்லாவற்றையும் கருவியில் போட்டாள். நெட்டை வந்து நின்றாள், பிறகு டாக்டர் வந்தாள். எண்ணைப் பார்த்தாள். வாய்க்குள் ஏதோ சொன்னாள். முடியிலிருந்து பேனாவைத் தேடாமலே எடுத்தாள்.

"இது போதுமா?" என்று அம்மா கேட்டாள்.

போதும் போதும், இனி பயமில்லை என்று நெட்டை ஆரம்பித்தாள். அம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை. தராசின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதாது" என்றாள் தராசு. "சிந்தினதுல கொஞ்சம் போயிருக்கும், இருந்தாலும் போதாது. இன்னும் வரணும். அடுத்த ரத்த டெஸ்ட்டுல பொட்டாசியம் இறங்கணும். அதுக்கப்புறம் கிரியாட்டினின் நாளைக்கு நாள் இறங்கணும், அதுக்கு வாரக்கணக்காகும். எல்லாம் சரியாகி வீட்டுக்குப் போனாலும் இவ கிட்னி அடிபட்ட கிட்னிதான். வருஷா வருஷம் பிரஷர் பாக்கணும், யூரின் பாக்கணும். காய்ச்சல் வலின்னு கடையில கேட்டு மாத்திரை வாங்கிக் குடுக்கவே கூடாது. எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல இதைச் சொல்லணும்."

அம்மா கேட்டுக்கொண்டாள். முகத்தில் மன்னிப்பும் இல்லை, பழைய கடுமையும் இல்லை.

"இவங்கள்லாம் நல்லாருக்கு, நல்லாருக்குன்னே சொல்றாங்க" என்றாள். "எவ்வளவு போச்சு, எவ்வளவு போகலைன்னு நீங்களே சொல்லுங்க. நீங்களே பாருங்க."

நெட்டை புதுத் துணியைத் தராசின் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கினாள். பொட்டுவின் கால் அம்மாவின் ஈர விரலை உதைத்தது. அம்மா அந்தக் கையை வெளியே எடுக்காமல், எதையோ பத்திரப்படுத்துகிறவள் போல மூடி வைத்துக்கொண்டாள். கண் தளும்ப ஆரம்பித்தது.

"அழறதுக்கு முன்னாடி போய்க் கையக் கழுவிட்டு வாம்மா" என்றாள் தராசு. "டயப்பர் மாட்டணும். காலைப் பிடிக்க ஆள் வேணும்."